தேதியில்லாத மக்கள்: மாவட்ட நிர்வாகம் சொல்லும் பழங்குடி வரலாறு

ஒரு வட்டாரத்தின் கடந்த காலத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அமைப்புகளும் அரசுத் துறைகளுமே செய்கின்றன. கெசட்டியர் எனப்படும் மாவட்ட விவரச் சுவடி, அரசு அருங்காட்சியகம், ஊர் பிறந்தநாள் விழா, சுற்றுலாத் தகவல் பலகை, மாவட்ட இணையதளம், நலத்திட்டக் கையேடு ஆகியவை அதற்கான கருவிகள். பள்ளி மாணவரும் சுற்றுலாப் பயணியும் புதிதாகப் பணியில் சேரும் அலுவலரும் ஒரு மாவட்டத்தின் பழங்குடிகளைப் பற்றி முதலில் அறிவது இவற்றின் வழியாகத்தான்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. நகரம், கோட்டை, பாலம், தேயிலைத் தோட்டம், ரயில் பாதை ஆகியவை ஆண்டோடும் பெயரோடும் சொல்லப்படுகின்றன. பழங்குடிகளோ உடை, உணவு, நடனம், குடிசை என்று விவரிக்கப்படுகிறார்கள். ‘தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறார்கள்’ என்ற ஒரு தொடரில் அவர்களுடைய பல நூற்றாண்டுகள் அடங்கிவிடுகின்றன. அவர்கள் நிலம் எந்த ஆண்டு, எந்த உத்தரவால் கைமாறியது, எந்தச் சட்டம் அவர்கள் தொழிலை நிறுத்தியது, எந்தத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது என்ற செய்திகள் காட்சிப் பேழைக்கு வருவதில்லை. ஆனால் அந்த ஆண்டுகளும் உத்தரவுகளும் தொலைந்து போகவில்லை. பெரும்பாலானவை அதே நிர்வாகத்தின் பதிவறைகளில் இருக்கின்றன.

பட்டியலும் மக்களும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்கள்தொகையில் இது சுமார் 1.1 விழுக்காடு. நீண்ட காலம் 36 சமூகங்கள் கொண்டிருந்த மாநிலப் பட்டியலில் நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைச் சேர்ப்பதற்கான திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் ஏற்றது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ள பழங்குடிகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கையில் பெரியவர்கள் கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, ஜவ்வாது மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிகள். அவர்களுக்கு அடுத்து வடமாவட்டச் சமவெளிகளிலும் மேற்கு மலைகளிலும் பரவியிருக்கும் இருளர்கள்.

இந்தியாவின் பல மாநிலங்களில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே 1996-இல் வந்த பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே இங்கே பழங்குடி ஊர்களுக்கென்று தனி அதிகாரம் கொண்ட உள்ளாட்சி உருவாகவில்லை. ஒரு மலையின் வரலாற்றை அதிகாரபூர்வமாகச் சொல்லும் குரல் ஆட்சியர் அலுவலகத்தின் குரலாகவே நிலைத்துவிட்டது. அந்தக் குரலுக்குச் சுமார் 150 ஆண்டு வயது. அது உருவான இடங்களில் ஒன்று சைதாப்பேட்டை.

சைதாப்பேட்டையும் செங்கல்பட்டு மேனுவலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் சைதாப்பேட்டை. சென்னை நகரைச் சுற்றியிருந்த ஏரிப்பாசன ஊர்கள் பலவும் அந்த ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் வரி கட்டின. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மேனுவல் தொகுக்கும் வேலை சென்னை மாகாணத்தில் 1860-களில் தொடங்கியது. நெல்சன் எழுதிய மதுரை மேனுவல் 1868-இல் வெளிவந்தது. செங்கல்பட்டு மேனுவலை சார்லஸ் ஸ்டூவர்ட் குரோல் 1879-இலும், நீலகிரி மேனுவலை எச். பி. கிரிக் 1880-இலும் வெளியிட்டார்கள்.

மேனுவல்கள் வரி வசூலிக்கும் அலுவலருக்காக எழுதப்பட்டவை. புதிதாக வரும் ஆட்சியர் மாவட்டத்தின் மண், மழை, பயிர், நில உரிமை, மக்கள் ஆகியவற்றை ஒரே நூலில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அதனால் அவற்றுக்கு ஒரு நிலையான அமைப்பு உருவானது. அரசர்களும் போர்களும் அரசியல் வரலாற்றில் வந்தார்கள். நில உரிமை வருவாய்ப் பகுதியில் வந்தது. காட்டையும் வேட்டையையும் நம்பியிருந்தவர்கள் இனங்களும் வழக்கங்களும் பற்றிய பகுதிக்குப் போனார்கள். வரி கட்டியவர்களுக்கு வரலாறும், வரிக்கணக்கில் வராதவர்களுக்கு வருணனையும் என்று ஒரு பிரிவினை அந்த அமைப்பிலேயே ஏற்பட்டுவிட்டது. பின்னாளில் வந்த கெசட்டியர்களும், இன்றைய மாவட்ட அறிமுகப் பக்கங்களும் பெரும்பாலும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

‘முதலில் இங்கே யார் இருந்தார்கள்’ என்ற கேள்விக்கும் அந்தக் கால அலுவலர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள். தொண்டைமண்டலம் காடாக இருந்தபோது குறும்பர்கள் அதைத் திருத்திக் குடியேறினார்கள், நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்துப் புழலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டார்கள், பிறகு சோழன் மகன் ஆதொண்டன் அவர்களை வென்று வேளாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் என்பது அந்தச் செவிவழி மரபு. நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இதன் வடிவங்கள் உள்ளன. சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ், 1818-இல் அச்சான, மிராசு எனப்படும் பரம்பரை நில உரிமை பற்றிய தம் நூலில் இதை எடுத்தாண்டார்.

எல்லிஸ் இக்கதையைக் கையிலெடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. நிலத்தின் மீது மிராசுதாரர்களுக்கு என்ன உரிமை, அது எங்கிருந்து வந்தது என்று வருவாய் வாரியம் கேட்டிருந்தது. மிராசு உரிமை பழையது என்று காட்ட, வேளாளர் குடியேற்றக் கதை அவருக்கு ஆதாரமாயிற்று. அந்தக் கதையில் குறும்பர்கள் வருவது தோற்பதற்காகத்தான். அவர்கள் தோற்றால்தான் பின்வந்தவர்களின் உரிமை தொடங்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சில அறிஞர்கள் ஒருபடி மேலே போனார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஒப்பர்ட் 1893-இல் இந்தியாவின் பூர்வகுடிகள் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். சமவெளியில் தோற்ற குறும்பர்கள்தான் நீலகிரிக் குறும்பர்களின் முன்னோர் என்ற கருத்து அக்கால எழுத்துகளில் பரவியது. அதற்குப் பெயர் ஒற்றுமையைத் தவிர வலுவான சான்று கிடையாது.

கோட்டம் என்ற நாட்டுப் பிரிவு உண்மையானது. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. இன்றைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, வேளச்சேரி பகுதிகள் புலியூர்க் கோட்டத்தில் அடங்கியிருந்தன. குறும்பர் ஆட்சியையும் ஆதொண்டன் வெற்றியையும் வரலாற்று அறிஞர்கள் மரபுக்கதையாகவே கொள்கிறார்கள். ஆக, முதற்குடி பற்றிய அரசு எழுத்து தொடங்கிய இடத்திலேயே ஒரு குறை இருந்தது. நில உரிமை விசாரணை ஒன்றுக்குத் தேவைப்பட்ட அளவில்தான் முதற்குடிகள் அதில் இடம்பெற்றார்கள். அதே ஆட்சியர் எல்லையில் அன்று உயிரோடு வாழ்ந்த இருளருக்கு அந்தக் கதையில் பங்கே இல்லை.

அருங்காட்சியகத்தின் அடுக்கு

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கி, பின்னர் எழும்பூருக்கு மாறியது. பழங்குடிகளைக் காட்சிப்படுத்தும் முறைக்கு மாநிலத்தில் முன்மாதிரி அதுதான். 1885 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கு, தலை, உயரம் ஆகியவற்றை அளந்து இனம் பிரிக்கும் அக்கால முறையைப் பின்பற்றியவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதி நூல் 1909-இல் வெளிவந்தது. ஆயுதம், அணிகலன், வலை, கூடை, இசைக்கருவி ஆகியவற்றைச் சமூகப் பெயரின் கீழ் அடுக்கும் முறை அந்தக் காலத்தில் வேரூன்றியது. அந்தக் கூடையை முடைந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற விவரங்கள் பதிவேட்டில் இருந்தாலும் பார்வையாளர் கண்ணுக்கு எட்டுவதில்லை.

சென்னையைச் சுற்றிய இதே வட்டாரம் உலகத் தொல்பழங்கால ஆய்விலும் புகழ் பெற்றது. சைதாப்பேட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் காட்டியது. அடுத்த கட்டக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தோன்றின என்று 2018-இல் வெளியிட்டது. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை தொல்பழங்காலத்துக்கென ஓர் அகழ்வைப்பகம் நடத்துகிறது.

கற்கருவிகளும் பழங்குடிப் பொருள்களும் அடுத்தடுத்து வைக்கப்படும் கூடங்களில் ஒரு தவறான எண்ணம் எளிதில் உண்டாகிறது. கற்காலத்திலிருந்து ஒரே கோடு நேராக இன்றைய இருளர் குடிசைக்கு வந்து சேர்வதாகப் பார்வையாளர் எண்ணிக்கொள்கிறார். அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகளைச் செய்தவர்கள் இன்றைய மனித இனம் தோன்றுவதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முந்தியவர்கள். இன்றைய எந்தச் சமூகத்தையும் அவர்களோடு தனியாக முடிச்சுப் போட முடியாது. பழங்குடிகளை உறைந்துபோன கற்காலமாகக் காட்டும் அடுக்கு, அவர்கள் கடந்த 200 ஆண்டுகளில் சந்தித்த சட்டங்களையும் சந்தைகளையும் மறைத்துவிடுகிறது.

நீலகிரி: 1822-க்கு முன்னும் பின்னும்

இந்தச் சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டும் மாவட்டம் நீலகிரி. 2022 மே மாதத்தில் உதகை 200 என்ற பெயரில் அரசு விழா தொடங்கியது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் குடியேற்றத்தைத் தொடங்கி 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டிய விழா அது. அதையொட்டி அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது. சல்லிவன் 1819-இல் மலைக்கு ஏறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு புதுப்பிக்கப்பட்டு இன்று நினைவகமாக இருக்கிறது. 1822-இல் உதகையில் அவர் எழுப்பத் தொடங்கிய கல்வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. அந்த இடம் தோடர்களின் மந்து எனப்படும் குடியிருப்பு இருந்த இடம். நிலத்தை அவர்களிடமிருந்தே சல்லிவன் பெற்றார்.

ஒரு நகரத்துக்கு 1822 தொடக்கமாக இருக்கலாம். மலைக்கும் அதன் மக்களுக்கும் அப்படி இருக்க முடியாது. தோடர்களுக்கும் எழுத்துச் சான்று பெற்ற வரலாறு உண்டு. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தியதாகக் கூறும் கல்வெட்டு சாமராஜநகர் அருகே உள்ளது. அதன் காலம் கி.பி. 1117. ஜாகோமே ஃபெனிசியோ என்ற பாதிரியார் 1603-இல் மலையேறித் தோடர்களையும் படகர்களையும் சந்தித்து எழுதிய குறிப்பும் கிடைத்திருக்கிறது. அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைப்பதற்கு 36 ஆண்டுகள் முந்தியது. அதாவது உதகை விழா 200 ஆண்டுகளைக் கொண்டாடியபோது, தோடர் பெயர் பொறித்த கல்வெட்டுக்கு வயது 905.

சல்லிவனின் வரலாற்றிலேயே விழா மேடைகள் அதிகம் தொடாத ஒரு பகுதி உண்டு. மலைநிலம் தோடர்களுக்குச் சொந்தம், அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று வாதிட்டவர் அவர். ஆளுநர் லூஷிங்டன் காலத்து மாகாண அரசு அந்த வாதத்தை ஏற்கவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு, நிலம் அரசுடையது என்பது எதிர்த்தரப்பின் நிலை. 1820-களிலும் 1830-களிலும் கடிதங்களாகவும் குறிப்புகளாகவும் நடந்த இந்த விவாதம், ‘இந்த மலை யாருடையது’ என்ற கேள்வியை ஆங்கிலேய நிர்வாகமே எழுப்பிக்கொண்டதற்குச் சான்று. சிலையின் கீழே இந்த விவாதத்தை நான்கு வரியில் எழுதினாலே சல்லிவனின் முக்கியத்துவம் கூடும். தோடர்களும் பின்னணியிலிருந்து நில உரிமையாளர்களாக முன்னால் வருவார்கள்.

பிறகு நடந்தவற்றுக்கும் ஆண்டுகள் உண்டு. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டு, எரிப்பது, மேய்ப்பது, தேன் எடுப்பது ஆகியவை அனுமதிக்கு உட்பட்டன. சோலைகளை ஒட்டிய புல்வெளிகளில் சீகை, கற்பூர மரங்கள் நடப்பட்டன. எருமை மேய்ச்சலை நம்பிய சமூகத்துக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. கூடலூர்ப் பகுதியில் ஜன்மம் எனப்படும் பரம்பரை நிலவுடைமைகளை, நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் 1969-இல் நிறைவேறியது. அங்கே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டு 1988-இல் நில உரிமைக்காகப் பெரும் பேரணி நடத்தினார்கள். முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது. வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியும், நீதிமன்றத் தடை காரணமாகத் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை தடைபட்டிருந்தது.

உதகையை அடுத்த முத்தோரை பாலடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் 1983 முதல் இயங்குகிறது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் உள்ள இந்த மையத்தின் அருங்காட்சியகத்தில் வீடுகளின் மாதிரிகள், கருவிகள், உடைகள், புகைப்படங்கள் உள்ளன. மாநிலத்தில் இவ்வகையில் முதன்மையான நிறுவனம் இதுவே. நீலகிரி பற்றிய அறிவு வளமும் குறைவில்லை. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் தோடர்களைப் பற்றி எழுதினார். 1930-களில் மலையில் தங்கிய மொழியியலாளர் எமனோ கோத்த மொழியின் கதைகளையும் தோடர் பாடல்களையும் திரட்டி வெளியிட்டார். தோடர் பாடல்களில் மனிதர், எருமை, மந்து, சம்பவம் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. அந்தச் சமூகமே தன் நிகழ்வுகளைக் குறித்துவைத்த வாய்மொழி ஆவணம் அது. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணி உலகறிந்துவிட்டது. பாடல்களில் உள்ள வரலாறு இன்னும் அறிஞர் நூல்களிலேயே தங்கியிருக்கிறது.

இருளர்: பயனாளிப் பட்டியலில் ஒரு வரலாறு

சமவெளியில் நிலைமை வேறு. அங்கே பழங்குடிகள் அருங்காட்சியகத்தைவிட நலத்திட்டப் பக்கத்தில்தான் அதிகம் காணப்படுகிறார்கள். வீடு இத்தனை, பட்டா இத்தனை, சாதிச் சான்றிதழ் இத்தனை என்ற கணக்கு அது. கணக்கு தேவையானதுதான். ஆனால் வீடும் பட்டாவும் ஏன் இல்லாமல் போயின என்ற முன்கதை அதில் இருக்காது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட இருளர்களின் அண்மைக்கால வரலாற்றைச் சட்டத் தேதிகளைக் கொண்டே எழுதிவிடலாம். பாம்புத்தோல் வணிகம் அவர்களில் பலருடைய வருமானமாக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் தொழில் சட்டவிரோதமாயிற்று. கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடும் முறை நடைமுறைக்கு வந்தது. நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றின் மறுபக்கமும் ஆவணத்தில் இருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருளர். மீட்கப்படும் ஒவ்வொருவருக்கும் வருவாய்த் துறை விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒவ்வொன்றும் தேதியிட்ட வரலாற்று ஆவணம். 2021 நவம்பர் 4 அன்று மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முதலமைச்சர் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கியதும் அப்படிப்பட்ட ஒரு நிகழ்வு.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு முரண் தெளிவாகத் தெரிகிறது. பழங்குடிச் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விண்ணப்பிக்கும் இருளர் குடும்பம் தன் பரம்பரையையும் வாழ்விடத்தையும் பற்றிய கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் ஊர் ஊராகப் போனவர்களிடம் பழைய காகிதம் இருப்பது அரிது. வரலாறு கேட்கும் அலுவலகமே அந்த வரலாற்றை எழுதிவைக்கும் அலுவலகமாகவும் இருக்க வேண்டியது. எந்த ஊரில் எத்தனை தலைமுறையாக இருளர் வாழ்கிறார்கள் என்று மாவட்ட நிர்வாகம் தன் பதிவேடுகளைக் கொண்டு தொகுத்து வெளியிட்டால், அது அருங்காட்சியகத்துக்கும் பயன்படும், சான்றிதழுக்கும் பயன்படும்.

நிர்வாகத்துக்குச் சங்கடமான பக்கங்களும் மாவட்ட வரலாற்றைச் சேர்ந்தவையே. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் தேடுதல் என்ற பெயரில் மலையாளிப் பழங்குடி மக்கள் மீது கொடுமைகள் நிகழ்த்தப்பட்டன. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றையும் சேர்ந்த 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஒரு சிற்றூரின் மக்கள் 31 ஆண்டுகள் வழக்கு நடத்தி அரசு ஊழியர்களுக்கு எதிராக வென்றது தமிழ்நாட்டின் சட்ட வரலாற்றில் பெரிய நிகழ்வு. மாவட்ட வரலாற்றை எழுதுவதும் காட்சிக்கு வைப்பதும் இதே துறைகளின் கையில் இருப்பதால்தான், அந்த வரலாறு நடனத்தோடும் நகையோடும் நின்றுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

சென்னையின் பிறந்தநாள்

தலைநகரமும் இந்த வழக்கத்துக்கு விலக்கில்லை. 1639 ஆகஸ்ட் 22 சென்னையின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கம்பெனிக்கு நிலம் வழங்கிய நாள் அது. எஸ். முத்தையா உள்ளிட்ட ஆர்வலர்கள் 2004-இல் இதைக் குடிமக்கள் விழாவாகத் தொடங்கினார்கள். மாநகராட்சியும் பின்னர் இதில் பங்கேற்று வருகிறது. மாநகராட்சியோ தன் தொடக்கமாக 1688-ஐச் சொல்லிக்கொள்கிறது. இரண்டுமே கம்பெனியின் தேதிகள். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருப்பதையும், கோட்டை எழுந்த கரையில் அதற்கு முன்பே மீனவர் குப்பங்கள் இருந்ததையும் இந்தப் பிறந்தநாளோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைதாப்பேட்டையிலும் இதே வேறுபாடு தெரியும். அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆற்றிலும் கழிமுகத்திலும் தொழில் செய்தவர்களுக்கும், கிண்டிக் காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கும் அப்படியொரு கல் கிடையாது. கல் வைக்கப் பணம் இருந்தவர்களின் வரலாற்றை மட்டும் அரசு திருப்பிச் சொன்னால், இல்லாதவர்கள் இரண்டாம் முறையும் விடுபட்டுப் போவார்கள்.

பிற நாடுகளின் வழி, அதன் எல்லை

வேறு சில நாடுகளில் நகராட்சிகளே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கின்றன. கனடாவின் வான்கூவர் நகரமன்றம், தன் நகரம் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லேவாட்டுத் ஆகிய மூன்று முதற்குடிகள் விட்டுக்கொடுக்காத நிலத்தில் நிற்கிறது என்று 2014-இல் தீர்மானம் நிறைவேற்றியது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எரிமலைக் குன்றுகளின் உரிமை மாவோரி குடிகளுக்குத் திருப்பித் தரப்பட்டு, 2014 முதல் அக்குடிகளும் மாநகர மன்றமும் இணைந்த ஓர் ஆணையம் அவற்றை நிர்வகிக்கிறது. முதலாவது நிலத்தின் உரிமை பற்றிய அறிவிப்பு. இரண்டாவது நிர்வாகத்தில் பங்கு. அறிவிப்பு மட்டும் இருந்தால் அது கூட்டத் தொடக்கச் சடங்காகச் சுருங்கிவிடும் என்ற விமர்சனம் அந்நாடுகளிலேயே உண்டு.

தமிழ்நாடு இதை அப்படியே நகல் எடுக்க முடியாது. இங்கே ஒப்பந்தங்கள் இல்லை. குடியேறியவர், முதற்குடி என்ற இரண்டு அணியாக மக்களைப் பிரிக்கவும் இயலாது. 2007-இல் ஐ.நா. முதற்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தபோதும், இந்திய மக்கள் அனைவருமே மண்ணின் மைந்தர்கள் என்ற நிலையை இந்திய அரசு எடுத்தது. ‘யார் முதலில் வந்தவர்’ என்ற போட்டியில் இறங்கினால், தொண்டைமண்டலக் கதையில் நடந்ததைப் போலவே வரலாறு இன்னொரு தரப்பின் பத்திரமாகிவிடும். எந்த நிலம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு, எந்த உத்தரவால் போனது என்ற கேள்வி அந்தப் போட்டியை விட்டு விலகி நிற்கிறது. அதற்குப் பதிவேட்டில் விடை உண்டு.

செய்யக்கூடியவை

உள்ளாட்சிக்குப் புதிய சட்டம் இல்லாமலே தொடங்கக்கூடிய பணிகள் பல. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பன்மயப் பதிவேடு தயாரிக்க வேண்டும். செடி, மூலிகை, மீன், அவற்றைப் பற்றிய உள்ளூர் அறிவு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பழங்குடி ஊர்களில் அந்தப் பதிவேட்டோடு ஊரின் வரலாற்றுப் பதிவேடு ஒன்றையும் கிராம சபையின் ஒப்புதலோடு சேர்க்கலாம். பழைய குடியிருப்புகளின் பெயர், இடம் மாறிய ஆண்டு, மாறிய காரணம், மூத்தவர்களின் கூற்று ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகப் பலகைகளில் மூன்று விவரங்கள் கட்டாயமாகலாம்: பொருள் வந்த ஊர், ஆண்டு, தெரிந்தால் செய்தவரின் பெயர். சமூகத்தின் காட்சிக்கூடத்தில் ஒரு காலவரிசை வேண்டும். நீலகிரியில் அது 1117-இல் தொடங்கி 1603, 1819, 1882, 1969, 2006, 2016 என்று வரலாம். செங்கல்பட்டில் 1972, 1976, 1978, 2019, 2021, 2023 என்று வரலாம். காலவரிசையைத் தொகுக்கும் குழுவில் அந்தச் சமூகத்தினர் பெரும்பான்மையாக இருப்பதும், தோட, கோத்த, இருள மொழிகளில் ஒலிப்பதிவு இருப்பதும் அடிப்படைத் தேவைகள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்டப் பதிவறைகளிலும் வன அறிவிக்கைகள், நில அளவைக் குறிப்புகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் குவிந்துள்ளன. மாவட்டம்தோறும் பழங்குடி தொடர்பான ஆவணங்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் தயாரித்து வெளியிடுவது முதல் படி. வரலாற்று மாணவர்களும் சமூக அமைப்புகளும் சான்றிதழ் தேடும் குடும்பங்களும் அந்த ஒரே பட்டியலைப் பயன்படுத்த முடியும். அடுத்த கெசட்டியர் திருத்தத்தில் பழங்குடிகளை வழக்கங்கள் என்ற அத்தியாயத்திலிருந்து எடுத்து, நிலம், வனம், வருவாய், நீதி நிர்வாகம் ஆகிய அத்தியாயங்களில் உரிய ஆண்டுகளோடு சேர்க்க இந்தப் பட்டியலே அடிப்படையாகும்.